பி படிவத்தின் இரண்டாவது பெயர்

மாற்று வேட்பாளர் என்பவர் வேட்பாளருக்கு மாற்றாக நிற்பவர் என்று இந்த நாட்டில் படித்தவர்களே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தவறு. மிகப் பெரிய தவறு. இந்தத் தவறோடு நீங்கள் ஆய்வேட்டை முடித்துப் பட்டமும் வாங்கிவிட்டால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு வந்துவிடும். அதனால் முதலிலேயே திருத்திவிடுகிறேன். எழுதிக்கொள்ளுங்கள் அம்மா. மாற்று வேட்பாளர் என்பவர் வேட்பாளரின் மனைவி.

மனைவிக்கு உடம்பு சரியில்லையென்றால் மகள். வேட்பாளர் மனுக் கொடுக்கும்போது பட்டுப்புடவையில் கூட வந்து அவரும் ஒரு மனுக் கொடுப்பார். கட்சி கொடுக்கும் பி படிவத்தில் முதல் பெயர் வேட்பாளருடையது, இரண்டாவது பெயர் அவருடையது. பரிசீலனையில் முதல் பெயர் தள்ளுபடியானால் சின்னம் இரண்டாவது பெயருக்குப் போகும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் முதல் பெயர் தள்ளுபடியாகாது. ஆகவே இரண்டாவது பெயர் என்பது புகைப்படத்துக்கு. நாற்பது வருட அரசியலில் நான் கண்டது இது.

நீங்கள் பெண்களுக்கான ஒதுக்கீடு பற்றித்தானே ஆராய்கிறீர்கள்? தொலைபேசியில் முப்பத்து மூன்று சதவீதம் என்றீர்கள். அதுவும் தவறு. மூன்றில் ஒரு பங்கு. வித்தியாசம் உண்டு. மக்களவையில் ஐந்நூற்று நாற்பத்து மூன்று இடம். அதில் முப்பத்து மூன்று சதவீதம் என்றால் நூற்று எழுபத்தொன்பது. மூன்றில் ஒன்று என்றால் நூற்று எண்பத்தொன்று. நீங்கள் சதவீதம் என்று சொன்ன அந்த நொடியில் இரண்டு பெண்கள் காணாமல் போய்விட்டார்கள். நான் பெண்களுக்கு எதிரானவன் அல்ல, பாருங்கள். எதிரானவன் இந்தக் கணக்கைப் போடுவானா?

என்னைப் பேராசிரியர் என்று கட்சியில் கூப்பிடுவார்கள். டுட்டோரியல் காலேஜில் வரலாறு நடத்தினேன். அதற்கு இந்த ஊரில் அந்தப் பட்டம். இருபத்திரண்டு வருடமாக எங்கள் மாவட்ட மகளிர் அணி மேடையில் பேசியதெல்லாம் நான் எழுதியது. ‘அடுப்படியிலிருந்து ஆட்சிப் பீடத்துக்கு’ என்ற முழக்கம் கேட்டிருப்பீர்கள். என்னுடையது. மாநாட்டுத் தீர்மானங்கள் என்னுடையவை. ‘மூன்றில் ஒன்று கேட்கிறோம், பிச்சையல்ல’ என்று எட்டாயிரம் பெண்கள் ஒரே குரலில் கத்தியபோது நான் மேடைக்குப் பின்னால் நின்று கண் கலங்கினேன். அப்படிப்பட்டவனை ஒரு ஜெராக்ஸ் கடைக்காரி என்ன செய்தார் என்று கேளுங்கள். நினைத்தாலே இப்போதும் குமட்டுகிறது. சீ.

பவளக்கொடி. அந்த அம்மாளின் பெயர். எங்கள் மாவட்ட மகளிர் அணி அமைப்பாளர். தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ், தட்டச்சு, மனு எழுதிக் கொடுப்பது என்று ஒரு கடை. முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், சாதிச் சான்றிதழ் என்று நாள் முழுக்கப் படிவம் நிரப்புவதுதான் பிழைப்பு. ஒரு தடவை ஒன்றியக் கவுன்சிலராக இருந்தார். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. எங்கள் மாவட்டச் செயலாளர் காசிலிங்கம் நிறுத்தினார், இவர் ஜெயித்தார். அதோடு திருப்திப்பட்டிருக்கலாம்.

ஒவ்வொரு எம்.பி. தேர்தலுக்கும் விருப்ப மனுக் கொடுப்பார். மகளிர் அணியில் பலரைக் கொடுக்கச் சொல்வோம். ‘எங்கள் கட்சியில் இத்தனை பெண்கள் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள்’ என்று பத்திரிகைக்குச் சொல்ல அது தேவை. நேர்காணலில் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நான்தான் பயிற்சி கொடுப்பேன். ஒரே வரி. ‘தலைவர் யாரைக் கை காட்டினாலும் அவர் வெற்றிக்கு உழைப்பேன்.’ பவளக்கொடி இரண்டு தடவை அதைச் சரியாகச் சொன்னார். மூன்றாவது தடவை, போன தேர்தலில், ‘என்னையக் கை காட்டுங்க தலைவரே, நான் ஜெயிச்சுக் காட்டுறேன்’ என்றாராம். காசிலிங்கம் எனக்குப் போன் போட்டு, ‘பேராசிரியரே, என்ன சொல்லிக் குடுத்தீரு அந்தப் பொம்பளைக்கு?’ என்று கத்தினார். நான் கூனிக் குறுகிப் போனேன்.

சீட்டு காசிலிங்கத்துக்குத்தான் வந்தது. அங்கேதான் ஒரு சிக்கல். அவர் மனைவி அரசுப் பள்ளித் தலைமையாசிரியை. மனுக் கொடுக்க முடியாது. மகளுக்கு இருபத்து மூன்று வயது. இருபத்தைந்து ஆகியிருக்க வேண்டும். மைத்துனர் சுகுமாரனைப் போடலாம் என்றால் அவர் ஏற்கெனவே திங்கட்கிழமை சுயேச்சையாக மனுக் கொடுத்துவிட்டார். எதற்கென்று கேட்கிறீர்களா? சுயேச்சையின் பெயரில் கூடுதலாகப் பூத் ஏஜெண்டுகள், கூடுதலாக நாலு வண்டி. எல்லாக் கட்சியும் செய்வது. ஆக இரண்டாவது பெயருக்கு ஆள் வேண்டும். ‘பவளக்கொடியைப் போடுங்க. ஆசைப்பட்டுச்சுல்ல, ஒரு நாள் எம்.பி.யா இருந்துட்டுப் போகட்டும்’ என்று காசிலிங்கம் சிரித்தார். அந்தப் பெயரை எழுதிய பேனா என்னுடையது.

மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள் புதன்கிழமை. புதனன்று ராகு காலம் பன்னிரண்டு முதல் ஒன்றரை. அலுவலகம் திறப்பது பதினொன்றுக்கு. ஆக நமக்கு இருப்பது ஒரு மணி நேரம். அறைக்குள் ஐந்து பேருக்குத்தான் அனுமதி. வக்கீல் அணியிலிருந்து ஒருவரைக் கூட்டிப் போகலாம் என்று யாரோ சொன்னார்கள். அவர் இடத்தில் ஜோதிடர் வந்தார். காசிலிங்கம், சுகுமாரன், ஜோதிடர், நான், பவளக்கொடி. சட்ட நுணுக்கத்துக்கு நான் இருந்தேன். எங்களுக்கு முன்னால் மூன்று பேர் மனுக் கொடுத்ததில் நேரம் போய், நாங்கள் நீட்டியபோது பதினொன்று ஐம்பது. ஜோதிடர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு ‘ம்… ம்…’ என்று முனகிக்கொண்டிருந்தார்.

மனுவை வாங்கிக்கொண்ட பிறகு உதவி அலுவலர், ஒரு சின்னப் பெண், ‘சார், உறுதிமொழி’ என்று ஒரு தாளை நீட்டினார். அரசியல் சட்டத்துக்கு விசுவாசமாக இருப்பேன் என்று வேட்பாளர் வாய்விட்டு வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டிய தாள். அப்போது பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம். ஜோதிடர் தலையை ஆட்டினார். ராகு காலத்தில் உறுதிமொழி எடுத்தால் ஐந்து வருடமும் வழக்குதான் என்றார்.

நான் சொன்னேன், ‘மனுக் கொடுத்த பிறகு எடுக்கணும்னுதான் சட்டம். நாளைக்குப் பரிசீலனை பதினோரு மணிக்கு. பத்தேமுக்காலுக்கு வந்து எடுத்துக்கலாம். நாளையும் ‘பிறகு’தானே?’

இதில் என்ன தவறு? நீங்களே சொல்லுங்கள்.

பவளக்கொடி பின்னாலிருந்து, ‘அண்ணே, இன்னைக்கே வாசிச்சுட்டாத் தேவலையில்ல? அந்தப் புள்ள சொல்லுதே’ என்றார்.

‘வாம்மா, நேரமாச்சு’ என்றார் காசிலிங்கம்.

‘நான் மட்டும் வாசிச்சுட்டு வந்துரட்டுமா அண்ணே?’

‘வாசி வாசி. நாளைக்கு டெல்லிக்குப் போற ஆளு, வாசிச்சுப் பழகு.’

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சின்னப் பெண்கூடச் சிரித்த மாதிரி இருந்தது, சரியாகக் கவனிக்கவில்லை. வெளியே மேளம், மாலை, வெடி. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே இரண்டே பெண்கள். பவளக்கொடி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்று வாசித்துக்கொண்டிருந்தார். உதவி அலுவலர் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எதற்கு எழுந்து நிற்க வேண்டும்? அப்படி ஒரு விதியும் இல்லை.

மறுநாள் நடந்ததைச் சொல்லவே வாய் கூசுகிறது. பரிசீலனை நாளுக்கு முன்பே உறுதிமொழி எடுத்திருக்க வேண்டுமாம். அதற்கு ஒரு பழைய தீர்ப்பு இருக்கிறதாம். தள்ளுபடி. காசிலிங்கம், ‘அவ்வளவுதானே, குடுங்கய்யா வாசிக்கிறேன்’ என்று தாளைப் பிடுங்கி முழுசாக வாசித்தார். நல்ல குரல் அவருக்கு. வாசித்து முடித்த பிறகு தேர்தல் அலுவலர் அடுத்த மனுவை எடுத்தார். பவளக்கொடி, ஏற்கப்பட்டது, சின்னம் ஒதுக்கப்படுகிறது.

அந்த அம்மாள் முன்பே சொல்லியிருக்கலாம். இல்லை, சொன்னார் என்பீர்கள். அம்மா, அவர் கேட்டார். ‘தேவலையில்ல?’ என்று கேட்டார். கேட்பது வேறு, சொல்வது வேறு. கட்சி பிறகு வைத்த விசாரணைக் குழுவிலும் நான் இதைத்தான் விளக்கினேன்.

வியாழன் சாயங்காலம் காசிலிங்கம் வீட்டில் கூடினோம். மனு வாபஸ் வாங்கச் சனிக்கிழமை மூன்று மணிவரை நேரம். திட்டம் எளிமையானது. பவளக்கொடி வாபஸ் வாங்குவார். கட்சிக்கு வேட்பாளர் இருக்க மாட்டார். கட்சி சுயேச்சை சுகுமாரனை ஆதரிக்கும். சுகுமாரன் ஜெயித்துக் கட்சியில் சேர்வார். சின்னம் இல்லாமல் எப்படி ஜெயிப்பது என்று ஒருவர் கேட்டார். ‘சின்னத்தோட ஒரு பொம்பளைய நிறுத்துறதுக்கு இது எவ்வளவோ மேல்’ என்றார் சுகுமாரன். தலைமைக் கழகத்தைக் கேட்டதற்கு, உள்ளூரிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். யார் பேசுவது? பவளக்கொடி மேடையில் பேசிய வார்த்தையெல்லாம் யாருடையதோ அவர்தான் பேச வேண்டும் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை காலை பத்தரைக்குக் கடைக்குப் போனேன். வாபஸ் படிவத்தை நானே நிரப்பி எடுத்துப் போனேன். பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கையும் எழுதியிருந்தேன். ‘தியாகமே பெண்மையின் அணிகலன்’ என்று தொடங்கும். நல்ல அறிக்கை. வீணாய்ப் போயிற்று.

‘வாங்க ஐயா’ என்றார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஒரு கிழவருக்குப் பென்ஷன் மனு நிரப்பிக்கொண்டிருந்தார். அதை முடித்துவிட்டு என் தாள்களை வாங்கிப் படித்தார். நிதானமாக, இரண்டு பக்கமும் திருப்பி, மற்றவர் படிவங்களைப் பார்ப்பது போலவே பார்த்தார்.

‘எல்லாம் சரியா நிரப்பியிருக்கீங்க ஐயா. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.’

‘ஆமாம்மா.’

‘போட மாட்டேன் ஐயா.’

நான் வாதத்தைத் தொடங்கினேன். நாடாளுமன்றம் என்றால் அனுபவம் வேண்டும், ஒன்றியக் கவுன்சில் அனுபவம் போதாது என்றேன்.

‘அனுபவம் வாசல்ல நிக்கிறவங்களுக்கு வராது, உள்ள விட்டாத்தான் வரும். மண்டல மாநாடு, மூணாம் பக்கம்.’

தூக்கிவாரிப் போட்டது. என் வரி. நான் கண்டுகொள்ளாமல், கட்சியின் நலன்தான் முதலில், பெண்களின் கோரிக்கை காத்திருக்கலாம் என்றேன்.

‘காத்திருங்கள் என்று சொல்கிறவர் எவரும் நின்றுகொண்டு சொல்வதில்லை, நாற்காலியில் அமர்ந்துதான் சொல்கிறார். இது மகளிர் தினக் கூட்டம்.’ அதைச் சொல்லும்போது குரல்கூட மேடைக் குரலாகிவிட்டது. கிழவர் வாயைப் பிளந்து பார்த்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

எந்தப் பக்கம் போனாலும் சுவர், அம்மா. தகுதி என்றேன், தகுதிக்குப் பதில் வைத்திருந்தார். குடும்பம் என்றேன், குடும்பத்துக்கு இரண்டு பதில். வெற்றி வாய்ப்பு என்றேன். ‘நிறுத்தாத ஆளுக்கு வெற்றி வாய்ப்பு இல்லை என்று எந்தத் தராசில் நிறுத்தீர்கள்?’ என்றார். எதிர்க்கட்சிக்காரன் என்னவெல்லாம் கேட்பான் என்று யோசித்து யோசித்து இருபத்திரண்டு வருடம் நான் எழுதிவைத்த பதில்கள். ஒன்றுகூட மறக்கவில்லை அந்த அம்மாள். அவை மேடைக்காக எழுதப்பட்டவை என்ற அடிப்படை நாகரிகம் வேண்டாமா? ஒருவன் எழுதிக் கொடுத்ததை எடுத்து அவன் மீதே வீசுவது என்ன பண்பாடு? அருவருப்பாக இருந்தது. எழுந்து கை கழுவ வேண்டும் போல இருந்தது.

‘அதெல்லாம் நான் எழுதினதும்மா’ என்றேன்.

‘தெரியும் ஐயா. நல்லா எழுதியிருந்தீங்க. நான் நம்பிட்டேன்.’

பன்னிரண்டரைக்குக் காசிலிங்கம் போன் செய்தார். ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

‘ஏம்மா பவளக்கொடி, ஒன்னைய யாரு கவுன்சிலர் ஆக்குனது?’

‘நீங்கதாண்ணே.’

‘அந்த நன்றி இருக்கா?’

‘இருக்குண்ணே. அஞ்சு வருஷமும் நீங்க காட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டனே. நன்றி தீந்துருச்சுண்ணே.’

‘தோத்துப் போவ. டெபாசிட்டு போகும். ஊரே சிரிக்கும்.’

‘தோத்தாலும் என் பேர்ல தோக்குறேன்.’

‘கட்சியில இருக்க மாட்ட, ஆமா.’

பவளக்கொடி ஜெராக்ஸ் மெஷினின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பதினெட்டு வயதில் கட்சிக்கு வந்தவர். தாலியில்கூடக் கட்சிக் கொடி பொறித்த காசு உண்டு. கண்ணில் தண்ணீர் நின்றது. சரி, மசிந்துவிட்டார் என்று நினைத்துப் பேனாவைத் திறந்தேன். பேனாவைத்தான் பார்த்தார். பிறகு போனைப் பார்த்துச் சொன்னார்:

‘இத்தனை வருஷம் மேடை மேடையா மூணுல ஒண்ணு கேட்டேண்ணே. இப்பத் தவறிப் போயி எனக்கு முழுசா ஒண்ணு கெடச்சிருக்கு. அதத் திருப்பிக் குடுன்னா எந்தக் கையால குடுப்பேன்?’

காசிலிங்கம் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். உங்கள் ஒலிப்பதிவில் அது வேண்டாம்.

கலெக்டர் அலுவலகம் அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். வேட்பாளரே நேரில் போய்க் கொடுத்தால் நல்லது. இரண்டு மணி ஆயிற்று. நான் பேசிக்கொண்டே இருந்தேன். பெண்களின் வாக்குரிமை வரலாற்றையே தொடங்கிவிட்டேன். இரண்டு பெண்கள் சாதிச் சான்றிதழுக்கு வந்தார்கள், அவர்களைக் கவனித்தார். இரண்டே கால். என் தாள்களை அழகாக மடித்து உறையில் போட்டு என் கையில் கொடுத்தார்.

‘இனிமே ஹெலிகாப்டர்லதான் போகணும் ஐயா. சாப்பிடாம வந்திருப்பீங்க. சோறு இருக்கு, சாப்பிடுறீங்களா?’

நான் சாப்பிடவில்லை. கொள்கை.

பிரச்சாரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். காசிலிங்கத்துக்கு நெஞ்சு வலி வந்து தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார். ஓட்டுப்பதிவு முடிந்த மறுநாள் வீடு திரும்பினார். ஒன்றியச் செயலாளர்கள் எல்லோருக்கும் அந்தப் பதினெட்டு நாளும் ஏதாவது ஒரு காதுகுத்து, கல்யாணம். போஸ்டரில் காசிலிங்கம் முக்கால் பங்கு, வேட்பாளர் ஸ்டாம்பு அளவு. எங்கள் பூத் ஏஜெண்டுகள் சுகுமாரனின் அலமாரிச் சின்னத்தோடு போனார்கள். நான் கடமை தவறாதவன். பன்னிரண்டு பக்கத்தில் உரை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ‘வச்சிட்டுப் போங்க ஐயா’ என்றார். வேனில் மகளிர் அணிப் பெண்கள் முப்பது பேர். தெருமுனையில் இறங்கி, ‘ஒங்க வீட்டுல யாருக்காச்சும் பென்ஷன் நின்னு போயிருக்கா?’ என்று கேட்பது. அதுதான் பிரச்சாரம். நாடாளுமன்றத் தேர்தலில் பேசுகிற பேச்சா அது? மேற்கோள் இல்லை, வரலாறு இல்லை. கூட்டம் மட்டும் எப்படியோ வந்தது.

ஆறாயிரத்து இருநூற்று எட்டு ஓட்டில் தோற்றார். சுகுமாரன் வாங்கியது நாற்பத்தெட்டாயிரம்.

அந்த நாற்பத்தெட்டாயிரம் யார் ஓட்டு என்கிறீர்களா? அது ஆய்வின் எல்லைக்கு வெளியே. நான் யாருக்குப் போட்டேனா? வாக்கு ரகசியமானது அம்மா. அதையும் தெரிந்துகொள்ளாமல் எப்படி ஆராய்ச்சிக்கு வந்தீர்கள்? தோல்வி பற்றிய அறிக்கையை நான்தான் எழுதினேன். ‘பெண் வேட்பாளருக்கு வெற்றி வாய்ப்புக் குறைவு என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது.’ புள்ளிவிவரத்தோடு எழுதியிருக்கிறேன். பிரதி தருகிறேன், அடிக்குறிப்பில் போட்டுக்கொள்ளுங்கள்.

பவளக்கொடியைக் கட்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். கடை இருக்கிறது. நான் அந்தத் தெருவில் போவதில்லை. மகளிர் அணி மாநாடு அடுத்த மாதம் வருகிறது. மூன்றில் ஒரு பங்கை உடனே நடைமுறைப்படுத்து என்று தீர்மானம் தயார். சட்டம் நிறைவேறிவிட்டது, எந்தத் தேர்தலிலிருந்து என்பதுதான் பாக்கி. அதனால் இந்த முறை கொஞ்சம் காட்டமாகவே எழுதியிருக்கிறேன். நான் பெண்களுக்கு எதிரானவன் அல்ல.

ஒன்று விட்டுப்போயிற்று. அந்தத் தேர்தலுக்குப் பிறகு தலைமைக் கழகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. முதல் பெயர் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட்டு முடிக்கும்வரை இரண்டாவது பெயர் அறைக்குள் வரக் கூடாது. வரைவு என்னிடம்தான் கேட்டு வாங்கினார்கள். போன இடைத்தேர்தலில் பக்கத்துத் தொகுதியில் அதை முதன்முதலாக நடைமுறைப்படுத்தினார்கள். வேட்பாளரின் மனைவி பட்டுப்புடவையோடு கலெக்டர் அலுவலக வாசலில் ஒன்றே கால் மணி நேரம் வெயிலில் நின்றார்.